சாவடிக்காரர் கடிதத்துக்கு ஐந்து மதிப்பெண்

எங்கள் பள்ளியில் சரித்திர டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பட்டப்பெயர் ‘எப்படித்தெரியும்’. யார் எதைச் சொன்னாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். "டீச்சர், அவன் என் பேனாவ எடுத்துட்டான்" என்றால், எப்படித் தெரியும்? "டீச்சர், இன்னிக்கு அரை நாள் லீவாம்" என்றால், எப்படித் தெரியும்? ஆசிரியர் அறையில் எனக்கும் இதே பாடுதான். டீ ஆறிப்போச்சு என்று சொன்னால்கூட டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் கணக்கு டீச்சர். எனக்கு விடை என்றால் ஒன்றுதான். கீழே இரண்டு கோடு போட்டோமா, அடுத்த கணக்குக்குப் போனோமா என்றிருப்பவள். இருந்தும் ஒன்பது வருடம் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதனால் அவள் கதையைச் சொல்ல என்னைவிட்டால் ஆளில்லை. அதில் நான் செய்த கோளாறையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்வதற்குள்.

அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. படியேறும்போதே ரப்பர் வாடை தூக்கியடிக்கும். வீட்டுக்காரர் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். கண் மங்கிப்போய் நான்கு வருடமாக வீட்டோடு இருந்தார். ரேடியோவும் அவருமாகப் பொழுது போகும். ஒரே மகள் நர்சிங் இரண்டாம் வருடம். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமானால் அவள் வேலைக்குப் போயாக வேண்டும். வேலையோ பதினொரு மாத வேலை. அதாவது, ஒவ்வொரு வருடமும் பதினொரு மாதம் முடிந்ததும் கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து, இந்தப் பள்ளியின் வாசலையே பார்த்தறியாதவள் மாதிரி புதிதாக விண்ணப்பம் எழுதிச் சேர வேண்டும். ஒன்பது முறை எழுதினாள். ‘முன் அனுபவம்’ என்ற இடத்தில் இதே பள்ளியின் பெயரை எழுதும்போது அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். நிரந்தர ஆணை ஒன்று கையில் கிடைத்துவிட்டால் போதும், இந்தக் கூத்து முடிந்துவிடும். அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

பாடம் நடத்துவதில் மட்டும் அவளுக்கு யாரும் கிட்டே வர முடியாது. வருடத்தின் முதல் வகுப்பில் புத்தகத்தையே திறக்க மாட்டாள். "நேத்து சாப்பாட்டு மணி ஏன் லேட்டா அடிச்சுது? ஆளுக்கு நாலு வரி எழுதுங்க" என்பாள். பிறகு மணி அடிக்கிற காவலாளி என்ன சொல்கிறார், அலுவலக கிளார்க் என்ன சொல்கிறார், பிரின்சிபால் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறார் என்று மூன்றையும் வாங்கி வந்து படித்துக் காட்டுவாள். மூன்றும் மூன்று விதமாக இருக்கும். "நேத்து நடந்த மணிக்கே இந்தக் கதி. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்த சண்டைக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்பாள். பிள்ளைகள் முழி முழி என்று முழிக்கும். அப்புறம் ஒருவர் பேச, இன்னொருவர் மறுக்க, வகுப்பே சந்தைக்கடையாகிவிடும். பக்கத்து அறையிலிருந்து நான் போய்க் கத்தினால்தான் அடங்கும்.

அவளுடைய பெரிய அஸ்திரம் சாவடிக்காரர் கடிதம். எங்கள் ஊர் ஆற்றில் முன்பு ஒரு பாலம் இருந்து, பெருவெள்ளத்தில் இடிந்து விழுந்தது. ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் அதற்கு அரைப் பக்கம் உண்டு. அந்தப் பாலத்தில் சுங்கம் வசூலித்த சாவடிக்காரர், பாலம் விழுந்த மறுநாள் காலையில் தன் தம்பிக்கு எழுதியதாக ஒரு கடிதத்தை அவளே கற்பனையாக எழுதியிருந்தாள். வேண்டுமென்றே மூன்று பிழைகளை அதற்குள் ஒளித்து வைத்திருந்தாள். சாவடிக்காரர் டெலிபோனில் தகவல் சொன்னதாக வரும். எங்கள் ஊருக்கு டெலிபோன் வந்ததே அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து. பதினேழு பேர் செத்ததாக வரும். செத்தவர்களைக் கணக்கெடுத்து முடித்தது நான்காம் நாள். சாவடி இருந்தது கிழக்குக் கரையில். அவரோ மேற்குக் கரைத் தூணில் விரிசல் விட்டதைக் கொட்டுகிற மழையில் கண்ணால் பார்த்ததாக எழுதியிருப்பார். இரண்டு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் கடிதத்தை நம்பிக்கொண்டு பேசும். மூன்றாம் வகுப்பில் பழைய செய்தித்தாளின் நகலைக் கொடுப்பாள். ஒவ்வொரு பிழையாகக் கண்டுபிடித்து, "டீச்சர், இது டூப்பு!" என்று ஒரு பிள்ளை கத்தும். அவள் எல்லா நகலையும் திருப்பி வாங்கிக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, "இனிமே எவன் எத நீட்டினாலும் இப்படித்தான் பாக்கணும்" என்பாள். அந்த ஒரு நாளுக்காக அவள் மூன்று நாள் தூங்க மாட்டாள்.

அவள் கையெழுத்து பிள்ளைகளுக்கு அத்துப்படி என்பதால் கடிதத்தை என்னை எழுதச் சொன்னாள். எனக்குப் பழைய பாணியில் சாய்த்துச் சாய்த்து எழுத வரும். "அக்கா, உன் கையெழுத்துதான் செத்துப்போனவங்க கையெழுத்து மாதிரி இருக்கு" என்றாள், கழுதை. நானும் எழுதிக் கொடுத்தேன்.

அந்த வருடம் கடிதப் பாடத்தின் மூன்றாம் வகுப்பு நடக்க வேண்டிய நாளில் அவளை விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளோடு வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். நான்கு நாள். அவள் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "அக்கா, செய்தித்தாள் நகல் என் மேஜைல இருக்கு. குடுத்துப் படிக்க மட்டும் சொல்லு. மத்தத அதுங்களே பாத்துக்கும்" என்று கெஞ்சிவிட்டுப் போனாள். நான் என்ன செய்தேன்? இயற்கணிதம் இரண்டு பயிற்சி பாக்கி இருந்தது. பரீட்சைக்கு இரண்டே வாரம். சும்மா கிடைத்த பீரியடை எந்தக் கணக்கு டீச்சர் விட்டிருக்கிறாள்? நான்கு நாளும் கணக்கே போட்டேன். செய்தித்தாள் நகல் மேஜையிலேயே கிடந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த நான்கு நாளுக்குள் கடிதம் நோட்ஸ் மாஸ்டரிடம் போய்விட்டது. அவர் எங்கள் நிர்வாகத்தின் இன்னொரு பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவர். எங்கள் நிர்வாகத்துக்கு ஒன்பது பள்ளிகள். ஆண்டுத் தேர்வு ஒன்பதுக்கும் ஒரே கேள்வித்தாள். மாலையில் அவர் நடத்தும் டியூஷனுக்கு எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் போவார்கள். எவனோ ஒருவன் கடித நகலைக் காட்டியிருக்கிறான். அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்ப் பாலம் விழுந்ததற்குக் கண்ணால் பார்த்த சாட்சி! உடனே ‘சாவடிக்காரர் கூறும் ஐந்து காரணங்கள்’ என்று நம்பர் போட்டு நோட்ஸ் அச்சடித்துவிட்டார். அவர் நோட்ஸ் ஒன்பது பள்ளிப் பிள்ளைகளிடமும் கைமாறும். எங்கிருந்து வந்தது, யாரிடம் இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனிதர் கெட்டவர் இல்லை. கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது, அவ்வளவுதான். அந்த வருடக் கேள்வித்தாளைத் தயாரித்தவரும் அவரே.

எனக்கு இதெல்லாம் சரித்திரத் தேர்வு நடந்த காலையில்தான் தெரியும். மேற்பார்வைக்கு நின்றுகொண்டிருந்தவள் மீதமிருந்த கேள்வித்தாளைச் சும்மா புரட்டினேன். இருபத்தேழாவது கேள்வி: ‘பாலம் இடிந்ததற்குச் சாவடிக்காரர் தம் கடிதத்தில் கூறும் ஐந்து காரணங்களை எழுதுக.’ ஐந்து மதிப்பெண். ஒன்பது பள்ளிகளிலும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்நேரம் குனிந்த தலை நிமிராமல் நான் கிறுக்கிய கடிதத்தை வரலாறு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆசிரியர் அறைக்குப் போனால் அவளும் கேள்வித்தாளோடு நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. ஊரிலிருந்து வந்த கையோடு திருப்புதல் தேர்வு, அது இது என்று கடிதத்தின் மூன்றாம் வகுப்பைத் தேர்வு முடிந்து வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள், பாவம்.

"அக்கா, நான் இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லுவ? நான்தான் பொய்க் கடிதம் எழுதினேன்னா? நில்லுடி. ஒன்பது வருஷம் கழிச்சு இப்பதான் நிரந்தரம் பட்டியல்ல உன் பேரு இருக்குன்னு கிளார்க் சொன்னார். வாயைக் கொடுத்து மாட்டிக்காத."

அவள் பதில் சொல்வதற்குள் பிரின்சிபால் உள்ளே வந்துவிட்டார். சிரித்த முகத்தோடு அந்த மனிதரை நான் பார்த்தது அன்றுதான்.

"டீச்சர், அந்தக் கடிதத்த நம்ம ஸ்கூல்ல நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே? பிள்ளைங்க சொல்லுது. தாளாளர் ஐயா போன் பண்ணினார். ஒரே சந்தோஷம் அவருக்கு. ஒரிஜினல் இருந்தா குடுங்க, கண்ணாடி போட்டு மாட்டணும்ங்கறார். உங்க ஆர்டரையும் ஆண்டு விழா மேடையிலயே குடுத்துடலாம்னு சொல்லிட்டார்."

அவள் வாயைத் திறந்தாள். நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன், பிறகு இரண்டு நாள் நொண்டினாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவளைச் சொல்ல விட்டிருந்தால் ஒருவேளை ஒரு திட்டோடு போயிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

விடைத்தாள்கள் வந்தன. கூடவே நோட்ஸ் மாஸ்டர் எழுதிய விடைக்குறிப்பும் வந்தது. ஐந்து காரணம், காரணத்துக்கு ஒன்று. வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். நாற்பத்தொரு பேர் கிளிப்பிள்ளை மாதிரி எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் எழுதவில்லை. அவளை எல்லோரும் நத்தை என்பார்கள். எழுத்தைச் செதுக்கிச் செதுக்கி எழுதுவாள். எந்தப் பரீட்சையையும் முடித்ததே கிடையாது. அவள் அம்மா துணி வெளுக்கும் கடையில் இஸ்திரி போடுகிறவர். மகளின் சீருடையில் மட்டும் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். கணக்கில் அந்தப் பெண்ணை நான் ஃபெயில் ஆக்கியிருந்தேன். அறிவியலிலும் போயிருந்தது. எங்கள் பள்ளியில் ஒன்பதாவதில் மூன்று பாடம் போனால், பத்தாவதின் நூறு சதவீதத் தேர்ச்சி கெட்டுப்போகும் என்று சொல்லி, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

"அக்கா, இதப் படி" என்று விடைத்தாளை என் பக்கம் தள்ளினாள்.

இருபத்தேழாவது கேள்விக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள் நத்தை. ‘இந்தக் கடிதத்தை நான் நம்பவில்லை’ என்று ஆரம்பம். ஊர்ப் பெரியவர்களை விசாரித்து டெலிபோனைப் பிடித்திருந்தாள். ஒரே காலைக்குள் பதினேழு உடல்களை எண்ண முடியாது என்று எழுதியிருந்தாள். ஆற்றங்கரைக்குப் போய் நின்று பார்த்திருக்கிறாள்: ‘வெயில் நேரத்திலேயே எதிர்க்கரைத் தூணில் விரிசல் தெரியாது, மழையில் எப்படித் தெரியும்?’ செய்தித்தாள் நகலைக் கொடுக்காமலேயே மூன்றையும் கண்டுபிடித்திருந்தாள். நான்காவதாக ஒன்று: ‘கையெழுத்து எங்கள் கணக்கு டீச்சரின் கையெழுத்து மாதிரி இருக்கிறது. ஆனால் கணக்கு டீச்சர் அப்போது பிறந்திருக்க மாட்டார். ஆகவே இதை இப்போது யாரோ எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.’

"அந்தக் கடைசி வரிய மட்டும் அடிச்சிடு" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

இந்த விடைக்கு மதிப்பெண் போடாவிட்டால் நத்தைக்கு மொத்தம் முப்பத்தொன்று. போட்டால் முப்பத்தாறு. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஐந்து போட்டு, கீழே ‘மிக நன்று’ என்றும் எழுதினாள். ஒன்பது வருடத்தில் அவள் யாருக்கும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

ஆனால் தேர்ச்சிக் கோட்டை ஒட்டிய விடைத்தாள்களைப் பிரின்சிபால் ஒருமுறை பார்ப்பார். மறுநாள் அவளைக் கூப்பிட்டார். நான் கூடவே போனேன். போனேன் என்றால், அவர் அறைக் கதவு வரை. உள்ளே போகவில்லை. கடிதம் எழுதியது நான், கையெழுத்து என்னுடையது, வகுப்பைத் தின்றதும் நான். ஆனால் தாழ்வாரத்தில் அறிவிப்புப் பலகையைப் படிக்கிற மாதிரி நின்றுகொண்டேன். ஆடுகதவு அது, உள்ளே பேசுவது அட்சரம் பிசகாமல் கேட்டது.

"விடைக்குறிப்புல இல்லாத விடைக்கு முழு மார்க் எப்படிப் போட்டீங்க?"

"சார், அந்தப் பொண்ணு எழுதினதுதான் சரி. அந்தக் கடிதம் உண்மை இல்ல. பாடத்துக்காக நானே கட்டி எழுதினது. பிள்ளைங்க கண்டுபிடிக்கணும்னு."

பிரின்சிபால் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது.

"டீச்சர், நீங்க இப்ப சொன்னது என் காதுல விழல." பிரின்சிபால் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால்கூட எனக்குப் பயம் இவ்வளவு வந்திருக்காது. "தாளாளர் ஒன்பது ஸ்கூலுக்கும் சர்க்குலர் அனுப்பிட்டார். ஒரிஜினல் இல்லேன்னு நகலையே கண்ணாடி போடக் குடுத்தாச்சு. இப்பப் போய் இது டூப்புன்னு சொன்னா உங்க வேலை போகும். அதோட போகுமா? தேர்வையே ரத்து பண்ணணும். என் தலையும் உருளும். உங்களுக்கு என்ன வேணும், அந்தப் பொண்ணு பாஸ் ஆகணும், அவ்ளோதான? கருணை மதிப்பெண் நாலு போட்டு நானே பாஸ் பண்றேன். இந்தக் கேள்விக்கு மட்டும் குறிப்புல இருக்கறபடி மார்க் போடுங்க."

"சார்..."

"அடிச்சுட்டு ஜீரோ போட்டு, பக்கத்துல கையெழுத்தும் போடுங்க. அந்தப் பொண்ணு ஸ்கூல்ல இருக்கணுமா, வேண்டாமா?"

அவள் ஐந்தை அடித்துப் பூஜ்யம் போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள். பிரின்சிபால் விடைத்தாளை வாங்கித் தன் மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். சாவி திரும்பும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் என்னைத் தாண்டிப் போனாள். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவே இல்லை.

மதிப்பெண் சொல்லும் நாளில் நத்தை எழுந்து நின்றாள். நான் அறிக்கைப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு அதே வகுப்பில்தான் இருந்தேன்.

"டீச்சர், இருபத்தேழாவதுக்கு எனக்கு எவ்வளவு?"

"ஜீரோ."

"ஏன் டீச்சர்?"

ஏன் என்று யார் கேட்டாலும் மலர்ந்துபோகிற முகம் அவளுடையது. நாற்காலியை விட்டு எழுந்து வந்து பக்கத்திலேயே நின்று பேசுவாள். அன்றைக்கு வருகைப் பதிவேட்டைப் பார்த்தபடி, "உட்காரு" என்றாள். நத்தை கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அப்புறம் உட்கார்ந்துவிட்டாள்.

ஆண்டு விழா மேடையில் ஆணையைக் கொடுத்தார்கள். தாளாளர் அரை மணி நேரம் கடிதத்தைப் பற்றியே பேசினார். கை தட்டினோம். ஆணையில் ஒரு வருடம் தகுதிகாண் காலம் என்று போட்டிருந்தது. அதற்குள் ஏதாவது குறை தெரிந்தால் ஒரே வரியில் வீட்டுக்கு அனுப்பலாம். கடிதத்தைக் கண்ணாடிக்குள் போட்டு முன் தாழ்வாரத்தில் மாட்டினார்கள். தினமும் காலையில் என் கையெழுத்தைத் தாண்டித்தான் நான் உள்ளே போக வேண்டும். கரும்பலகையில் சாய்த்து எழுதுவதை விட்டுவிட்டேன்; நாற்பத்தெட்டு வயதில் நிமிர்த்தி எழுதப் பழகினேன்.

அவள் வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டு வீட்டுக்காரர் ஆணையைத் தடவித் தடவிப் பார்த்தாராம். "கெட்டியான தாள்" என்றாராம். அவள் என்னிடம் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதற்குப் பிறகு பாடம் நடத்தினாள், குறை சொல்ல முடியாதபடி நடத்தினாள். புத்தகம், கேள்வி, விடை. பக்கத்து வகுப்பிலிருந்து நான் போய்க் கத்த வேண்டிய அவசியமே வரவில்லை. வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அடுத்த வருடம் நத்தையும் மற்றவர்களும் பத்தாவதுக்கு வந்தார்கள். வருடக் கடைசியில் தாளாளருக்கு ஒரு யோசனை வந்தது. சிந்திக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று ஒன்பது பள்ளிகளின் சரித்திர ஆசிரியர்களுக்கும் ஒரு மாதிரி வகுப்பு. நடத்த வேண்டியவள் எங்கள் டீச்சர். பாடம், வேறு என்ன, சாவடிக்காரர் கடிதம். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

முந்தின நாள் பஸ் நிறுத்தத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் முடிவு பண்ணிட்டேன். நானா சொல்ல எனக்குத் தைரியம் வரல. ஒரு வருஷமா பாத்துட்டேன், வரல. ஆனா நாளைக்கு எல்லாரும் இருப்பாங்க. யாராவது ஒரு பிள்ளை எழுந்து இது பொய்ன்னு சொல்லிட்டா போதும். ‘ஆமா, சரி’ன்னு சொல்லிடுவேன். அதுக்கப்புறம் என்ன ஆனாலும் சரி."

"வேலை போயிடும்டி."

"போகட்டும். மூச்சு முட்டுது அக்கா. அந்தக் கண்ணாடிக்குள்ள என்னையும் சேத்து மாட்டி வெச்ச மாதிரி இருக்கு."

"நீ சொன்னா நானும் எந்திரிச்சு, எழுதினது நான்தான்னு சொல்றேன்" என்றேன். அந்த ஒரு தடவை நான் மனதாரச் சொன்னேன்.

மறுநாள் வகுப்பின் பின்பக்கம் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தாளாளர், பிரின்சிபால், நோட்ஸ் மாஸ்டர், மற்ற பள்ளி ஆசிரியர்கள். மூலையில் நான். அவள் கடிதத்தைப் படித்தாள். பிறகு, அவர்கள் எழுதிக் கொடுத்திருந்த கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு, "இதப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க?" என்றாள். பிரின்சிபால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் யாரும் கை தூக்கவில்லை. ஒரு வருடத்தில் கை தூக்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. அவள் காத்திருந்தாள். சாக்பீஸ் அவள் விரலில் நசுங்கிக்கொண்டிருந்தது.

தாளாளருக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கடைசி பெஞ்சுப் பொண்ணு, நீ எந்திரிம்மா. நீ சொல்லு. பயப்படாம மனசுல பட்டதச் சொல்லு" என்றார்.

அவர் காட்டியது நத்தையை. பிரின்சிபால் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் டீச்சர் முகத்திலோ ஒரு வருடமாக நான் பார்க்காத வெளிச்சம். "சொல்லும்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தையை அவள் எப்படிக் கேட்டாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

நத்தை எழுந்தாள். மடிப்புக் கலையாத பாவாடையை நீவிவிட்டுக்கொண்டாள். முதலில் டீச்சரைப் பார்த்தாள், பிறகு பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள், மறுபடி டீச்சரைப் பார்த்தாள். அவளுக்கு எதற்குமே நேரம் ஆகும்.

"சாவடிக்காரர் ஐந்து காரணங்களைக் கூறுகிறார்" என்று ஆரம்பித்தாள். "ஒன்று, வெள்ளத்தில் அடித்து வந்த மரங்கள் பாலத்தில் மோதின. இரண்டு, மேற்குக் கரைத் தூணில் விரிசல் இருந்ததை அவர் கண்ணால் கண்டார். மூன்று..."

ஐந்தையும் வரிசை மாறாமல் ஒப்பித்தாள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. தாளாளர் கை தட்டினார். நோட்ஸ் மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். எங்கள் டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே எழுதியிருந்த தேதியை அழித்துவிட்டு அதே தேதியை மறுபடி எழுதினாள்.

மணி அடித்ததும் நான் நத்தையைத் தாழ்வாரத்தில் மடக்கினேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஏய், அது பொய்ன்னு உனக்குத் தெரியுமில்ல? போன வருஷம் ஒரு பக்கம் எழுதினியே. அவ்வளவு பேரும் கேக்கறாங்க, இன்னிக்கு ஏன் சொல்லல?"

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"டீச்சர், ஆண்டு விழால இந்தக் கடிதத்துக்காகத்தான் சரித்திர டீச்சருக்கு வேலை நிரந்தரம்னு சொன்னாங்க. இது பொய்ன்னா வேலை போயிடும். எனக்கு ஜீரோ போட்டப்ப டீச்சர் என் மூஞ்சியவே பாக்கல. டீச்சர் அப்படிப் பண்ண மாட்டாங்க. அப்ப யாரோ போட வெச்சிருக்காங்கன்னு யோசிச்சேன். இன்னிக்கு அவங்க எல்லாரும் பின்னாடி உக்காந்திருந்தாங்க." மறுபடி பாவாடையை நீவிக்கொண்டாள். "நான் சரியாத்தான டீச்சர் சொன்னேன்?"

"போ, அடுத்த வகுப்புக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொன்னேன்.

மாலையில் பஸ் நிறுத்தத்தில் இதை எங்கள் டீச்சரிடம் சொன்னேன். மறைத்திருக்கலாம். இனி அவளிடம் எதையும் பூசி மெழுகுவதில்லை என்று இருந்ததால் சொல்லிவிட்டேன். அவள் முழுக்கக் கேட்டாள். அந்தப் பெண் சொன்னதை ஒருமுறை திரும்பச் சொல்லச் சொல்லி, மறுபடியும் கேட்டாள். எங்கள் பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இரண்டு பேரும் ஏறவில்லை.

"ஒரு புள்ளைக்காவது யோசிக்கச் சொல்லிக் குடுத்துட்டோம்னு நினைச்சிட்டிருந்தேன் அக்கா" என்றாள். "குடுத்துத்தான் இருக்கேன். எவ்வளவு நல்லா யோசிச்சிருக்கா பாரு. யோசிச்சு யோசிச்சு, என்னக் காப்பாத்தப் பொய் சொல்லியிருக்கா."

சொல்லிவிட்டு, நிறுத்தத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க வாய்விட்டு அழுதாள்.